தொப்பி எங்கே போனது? பல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டு மின்தடையைக் கணக்கிடுவது

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றில் மிருதங்கம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். விடிய விடிய நடக்கும் கூத்தில் வாத்தியத்துக்கு முன்னால் மைக் நிறுத்தினால் யார் காலாவது பட்டு விழுந்துவிடுகிறது என்பது அவர் குறை. "மேலயே ஒட்டிக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு குடேன் தம்பி" என்றார். பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் ஒரு பீசோ தகடு வாங்கினேன். பஸ்ஸருக்குள் இருக்குமே, பித்தளை வட்டத்தில் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல, அதுதான். மஞ்சக்குப்பம் வீட்டு மேசையில் இரண்டு டிரான்ஸிஸ்டர் போட்டு ஓர் ஆம்ப்ளிபையர் கட்டி, தகட்டை மிருதங்கத்தின் கட்டையில் ஒட்டிக் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தார். வலந்தலை கணீரென்று கேட்டது. தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் இடக்கைப் பக்கம், தட்டினால் விரல் படும் 'டப்' மட்டும்தான் வந்தது. அடியில் இருக்கவேண்டிய 'தொம்' இல்லை. "தொப்பி ஊமையாயிடுச்சேப்பா" என்றார் சிரித்துக்கொண்டே. தகடும் நல்ல தகடு, ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர். தப்பு நான் போடாமல் விட்ட ஒரு கணக்கில் இருந்தது. அதுதான் உள்ளீட்டு மின்தடை.

குழம்பு கொதிக்கும்போது உப்பு பார்க்க ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்போம். சட்டி நிறைய இருக்கும் குழம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ருசி பார்க்கிறேன் என்று அகப்பை அகப்பையாக ஊற்றிக் குடித்தால் சட்டியே காலியாகும். ஆம்ப்ளிபையரும் தனக்கு முன்னால் இருக்கும் மைக்கை ருசி பார்க்கத்தான் வேண்டும். அதற்காக அது மைக்கிலிருந்து கொஞ்சம் மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது. உள்ளீட்டில் மின்னழுத்தம் இவ்வளவு ஏறினால் உள்ளே போகும் மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறது? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உள்ளீட்டு மின்தடை. எண் பெரிதாக இருந்தால் ஒரு சொட்டு. சிறிதாக இருந்தால் அகப்பை.

எத்தனை பெரிதாக இருக்கவேண்டும் என்பது சட்டியைப் பொறுத்தது. 600 ஓம் மேடை மைக்குக்கு 5,000 ஓம் தாராளம். பீசோ தகடு அப்படி இல்லை. அது சிக்னலைத் தானே உண்டாக்கும் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி. என் தகடு 15 நானோஃபாரட். கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் இப்படிச் சேர்ந்தால் ஒரு வெட்டு அதிர்வெண் வரும். அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேய்ந்துகொண்டே போகும். நான் மனதில் வைத்திருக்கும் சுருக்கு வழி: 1,59,000-ஐ எடுத்துக்கொண்டு, மின்தடையை கிலோ ஓமிலும் கெப்பாசிட்டரை நானோஃபாரடிலும் எழுதி, அந்த இரண்டையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். (கிலோ ஓமை இனி கடைக்காரர் சொல்வதுபோல 'கே' என்றே சொல்கிறேன்.)

சரி, என் ஆம்ப்ளிபையரின் மின்தடை என்ன? சர்க்யூட்டைச் சொல்லிவிடுகிறேன், நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி. பிசி 547 டிரான்ஸிஸ்டர் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். முதல் டிரான்ஸிஸ்டரின் பேஸுக்கு மேலிருந்து 47 கே, கீழே தரைக்கு 10 கே. கலெக்டரில் 4.7 கே. எமிட்டரில் 1 கே, அதன் குறுக்கே ஒரு பெரிய கெப்பாசிட்டர். கலெக்டரிலிருந்து இன்னொரு கெப்பாசிட்டர் வழியாக இரண்டாவது டிரான்ஸிஸ்டருக்குப் போகிறது; அங்கேயும் அதே நான்கு ரெசிஸ்டர், அதே மதிப்பு. பள்ளிப் பாடத்தில் அடிவாய், உமிழ்ப்பான், ஏற்பான் என்று படித்தவர்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று நான் எழுதும் இடத்தில் அவற்றை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 47 கே ரெசிஸ்டர் பேஸிலிருந்து மேலே பேட்டரிக்குத்தானே போகிறது, தரைக்குப் போகவில்லையே, அதை ஏன் கணக்கில் சேர்க்கவேண்டும்? நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டேன். நாம் கேட்பது 'எவ்வளவு இருக்கிறது' என்பதை அல்ல, 'எவ்வளவு மாறுகிறது' என்பதை. பேட்டரியின் மேல்முனை 9 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது; தரை 0 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது. சிக்னலின் கண்ணுக்கு அசையாதது எல்லாம் ஒன்றுதான். பேஸ் அரை மில்லிவோல்ட் ஏறினால் 47 கே-யின் ஒரு முனை மட்டும் ஏறும், மறுமுனை ஏறாது; அதனால் அதன் வழியே போகும் மின்னோட்டம் மாறும். ஆக 47 கே-யும் 10 கே-யும் சிக்னலுக்குப் பக்கம் பக்கமாக, இணையாக நிற்கின்றன. பெருக்கிக் கூட்டலால் வகுத்தால் 8.25 கே.

இதே காரணத்தால் எமிட்டரில் உள்ள 1 கே-யும் சிக்னலுக்கு இல்லாத மாதிரிதான். குறுக்கே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் எமிட்டரை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் பேஸ் வழியே டிரான்ஸிஸ்டருக்குள் பார்த்தால் என்ன தெரியும்? இதற்கு இரண்டு எண் போதும். முதலாவது, எமிட்டருக்கு உள்ளேயே இருக்கும் சிறு மின்தடை. 25 மில்லிவோல்ட்டை எமிட்டர் மின்னோட்டத்தால் வகுத்தால் அது வந்துவிடும். இந்த 25 வெப்பநிலையிலிருந்து வருவது; மே மாத மஞ்சக்குப்பத்தில் 27-ஐத் தொட்டுவிடும், இருந்தாலும் 25 என்றே எல்லோரும் கணக்குப் போடுகிறோம். என் சர்க்யூட்டில் பேஸ் 1.58 வோல்ட்டில் நிற்கிறது. அதில் 0.65 கழித்தால் எமிட்டர் 0.93 வோல்ட். 1 கே வழியாக 0.93 மில்லி ஆம்பியர். 25-ஐ 0.93-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27 ஓம்.

இரண்டாவது எண் பீட்டா. பேஸுக்குள் போகும் மின்னோட்டத்தைப்போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடுகிறது என்பது. 200 என்று வைத்துக்கொள்வோம். எமிட்டரில் 200 பங்கு ஓடும்போது பேஸ் வழியாகப் போவது ஒரு பங்கு. அதாவது எமிட்டரில் உள்ள ஒரு மின்தடையை நாம் பேஸ் பக்கம் நின்று பார்க்கும்போது, மின்னழுத்த மாற்றம் அதேதான், மின்னோட்டம் மட்டும் இருநூறில் ஒன்று. அதனால் அது 200 மடங்கு பெரிதாகத் தெரிகிறது. பேஸ் ஒரு பூதக்கண்ணாடி. துல்லியமாகச் சொன்னால் 201 மடங்கு. ஆனால் கடையில் வாங்கும் இரண்டு பிசி 547-க்கு ஒரே பீட்டா இருப்பதே அபூர்வம் என்பதால் அந்த ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

27-ஐ 200-ஆல் பெருக்கினால் 5.4 கே. இதற்கு இணையாக ஏற்கெனவே கண்ட 8.25 கே. இரண்டும் சேர்ந்து 3.26 கே. இப்போது சுருக்கு வழியில் போடுங்கள்: 3.26 பெருக்கல் 15 என்றால் 48.9, 1,59,000-ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 3,250 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்கிறது. 100 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். தொப்பி ஏன் ஊமையானது என்பது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலில் தெரிந்துபோயிற்று. கட்டுவதற்கு முன்னால் போட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

இரண்டாவது டிரான்ஸிஸ்டரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் அதே ரெசிஸ்டர்கள், ஆகவே அதன் உள்ளீட்டு மின்தடையும் 3.26 கே. அது எங்கே போய் உட்காருகிறது? முதல் டிரான்ஸிஸ்டரின் கலெக்டரில் உள்ள 4.7 கே-க்கு இணையாக. அகப்பை இங்கேயும் உண்டு: முதல் கட்டம் சமைத்ததை இரண்டாவது கட்டம் குடிக்கிறது. தனியாக இருந்தால் முதல் கட்டத்தின் பெருக்கம் 4,700-ஐ 27-ஆல் வகுத்தால் வரும் 174. ஆனால் 4.7 கே-யும் 3.26 கே-யும் இணைந்தால் 1.93 கே-தான், பெருக்கம் 71. புதிதாகப் படிப்பவர்கள் 174-ஐ 174-ஆல் பெருக்கி 30,000 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 71 பெருக்கல் 174, அதாவது 12,000-க்குக் கொஞ்சம் மேலே. பாதிக்கும் குறைவு.

இரண்டாவது கட்டம் முதல் கட்டத்தின் பெருக்கத்தைக் குறைத்தது. அதன் உள்ளீட்டு மின்தடையைத் தொடவில்லை. கலெக்டரில் எதை மாட்டினாலும் பேஸ் பக்கம் நிற்பவருக்கு அது தெரியாது. (மிக நுட்பமாகப் பார்த்தால் துளி தெரியும், இப்போது வேண்டாம்.) எமிட்டரில் மாட்டியது மட்டும்தான் பூதக்கண்ணாடி வழியாகத் தெரியும். ஆகவே டிரான்ஸிஸ்டர் எத்தனை இருந்தாலும் கடைசியிலிருந்து முன்னால் நடந்து வாருங்கள். கடைசி டிரான்ஸிஸ்டரின் உள்ளீட்டு மின்தடையைக் கண்டுபிடியுங்கள். அது அதற்கு முந்தியதன் எமிட்டரில் மாட்டியிருக்கிறதா, கலெக்டரிலா என்று பாருங்கள். எமிட்டர் என்றால் பீட்டாவால் பெருக்கி முன்னே கொண்டுவாருங்கள். கலெக்டர் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு ரெசிஸ்டர் இடம் மாறினால் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும்.

அப்புறம் நான் என்ன செய்தேன்? எமிட்டர் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். இப்போது 1 கே சிக்னலுக்குத் தெரியும். பேஸில் 200 பெருக்கல் 1,027, அதாவது 205 கே. 5.4 எங்கே, 205 எங்கே! ஆனால் தொப்பி இன்னும் ஊமைதான். ஏனென்றால் பக்கத்திலேயே 8.25 கே குந்தியிருக்கிறது. 205-உம் 8.25-உம் இணைந்தால் 7.9 கே. பேஸில் நாற்பது மடங்கு ஏற்றினேன், உள்ளீட்டில் கிடைத்தது இரண்டரை மடங்குகூட இல்லை. பயாஸ் ரெசிஸ்டர் இரண்டும், அதாவது பேஸை 1.58 வோல்ட்டில் நிறுத்திவைக்கும் அந்த 47 கே-யும் 10 கே-யும், வாசலில் நின்று வசூல் செய்துவிடுகின்றன. இணையாக நிற்பவற்றில் சிறியது வைத்ததே சட்டம். டிரான்ஸிஸ்டரின் கணக்கை அழகாகப் போட்டுவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

சரியான வழி, முன்னால் இன்னொரு டிரான்ஸிஸ்டரை வைத்து, அதன் எமிட்டரிலிருந்து சிக்னலை எடுப்பது. எமிட்டர் ஃபாலோயர் என்பார்கள். மின்னழுத்தத்தைப் பெருக்காது; மெல்ல ருசிபார்ப்பது மட்டுமே அதன் வேலை. கழற்றிய கெப்பாசிட்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, புதியதன் எமிட்டரில் 4.7 கே போட்டேன். பின்னாலிருந்து நடந்து வருவோம். பழைய ஆம்ப்ளிபையரின் 3.26 கே இதன் எமிட்டரில் மாட்டியிருக்கிறது. 4.7 கே-யுடன் இணைந்து 1.93 கே. 200-ஆல் பெருக்கினால், உள்ளிருக்கும் சிறு மின்தடையையும் சேர்த்து, 390 கே. பயாஸுக்கு மேலே 100 கே, கீழே 100 கே போட்டேன். இணையாக 50 கே. கடைசியில் 44 கே. வெட்டு அதிர்வெண் 240 ஹெர்ட்ஸ். தொப்பி முனகத் தொடங்கியது.

100 கே இரண்டையும் எடுத்துவிட்டு 470 கே போட்டதும் பயாஸ் 235 கே, மொத்தம் 147 கே, வெட்டு 72 ஹெர்ட்ஸ். 'தொம்' வந்துவிட்டது. 470 கே-க்குப் பதில் 4.7 மெகா ஓம் (4,700 கே) போட்டால் என்ன என்று தோன்றும். பேஸுக்கும் சில மைக்ரோ ஆம்பியர் வேண்டும். அது அத்தனை பெரிய ரெசிஸ்டர் வழியாக வரும்போது மின்னழுத்தம் சரிந்து, எமிட்டர் ஒரு வோல்ட் அளவுக்கே இறங்கிவிடும். 470 கே-யிலேயே பேஸ் 4.5 வோல்ட்டில் நிற்காமல் 3.7-க்கு இறங்கியிருந்தது. அந்த எல்லைவரை போகலாம்.

அதையும் தாண்டவேண்டும் என்றால் இரண்டு டிரான்ஸிஸ்டரை ஒன்றன் எமிட்டர் அடுத்ததன் பேஸில் சேருமாறு கட்டவேண்டும். பெல் ஆய்வகத்தில் இருந்த சிட்னி டார்லிங்டனுக்கு 1953-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றும் அவர் பெயரிலேயே டார்லிங்டன் ஜோடி என்கிறோம். பூதக்கண்ணாடிக்கு முன் இன்னொரு பூதக்கண்ணாடி. 390 கே-யை மறுபடி 200-ஆல் பெருக்கினால் 80 மெகா ஓம் பக்கம் வரும். முன்னால் உள்ள டிரான்ஸிஸ்டரில் ஓடுவது 3 மைக்ரோ ஆம்பியர்தான்; அத்தனை சிறிய மின்னோட்டத்தில் பீட்டா குறையும். பாதியாகவே வைத்துக்கொண்டாலும் 40 மெகா. அதோடு 235 கே பயாஸை இணைத்துப் பாருங்கள்: 234 கே. 40 மெகாவும் வாசல் வசூலில் போயிற்று! டார்லிங்டனின் உண்மையான லாபம் வேறு. பேஸுக்கு வேண்டிய மின்னோட்டம் அற்பமாகிவிடுவதால், பயாஸுக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தைரியமாகப் போடலாம். அப்போது உள்ளீடு 1.1 மெகாவை ஒட்டி வரும். வெட்டு 10 ஹெர்ட்ஸ்.

பெரிய ரெசிஸ்டர் போடாமலே அதைப் பெரிதாகக் காட்டும் தந்திரமும் உண்டு. தேவனாம்பட்டினம் கரைக்கு அப்பால் இரண்டு படகுகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலையில் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் நடுவிலிருக்கும் கயிறு இறுகாது. பயாஸ் ரெசிஸ்டர்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து பேஸுக்கு நேரே ஒயர் போடாமல் 100 கே ஒன்றை வைத்து, அந்தச் சந்திப்பை எமிட்டரோடு ஒரு கெப்பாசிட்டரால் பிணைத்துவிட்டால் இதுவே நடக்கும். பேஸ் ஏறும்போது எமிட்டரும் ஏறுகிறது, ஏறக்குறைய அதே அளவு; நூற்றுக்கு 98 பங்கு என்று வையுங்கள். 100 கே-யின் இரு முனைகளுக்கும் நடுவே மிஞ்சுவது 2 பங்கு வித்தியாசம்தான். மின்னோட்டமும் ஐம்பதில் ஒன்றாகிறது. சிக்னலுக்கு அந்த 100 கே, 5 மெகா ஓம் மாதிரி தெரியும். பூட்ஸ்டிராப் என்று இதற்குப் பெயர்.

ஒரு படகு ஏறும்போது மற்றது இறங்கினால்? கயிறு முறுக்கேறும். கலெக்டரிலிருந்து பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு பயாஸ் கொடுக்கும் எளிய சர்க்யூட்டுகளில் இதுதான் நடக்கிறது. கலெக்டர் எதிர்த்திசையில் 71 மடங்கு ஆடினால், 470 கே ரெசிஸ்டர் உள்ளீட்டுக்கு அதில் 72-இல் ஒரு பங்காக, 6.5 கே ஆகத் தெரியும். டிரான்ஸிஸ்டர் பிறப்பதற்கு வெகுமுன்னே, வால்வு காலத்தில், ஜான் மில்லர் 1920-இல் வெளியிட்ட ஆய்வு பேசியதும் இந்த விளைவைத்தான். அதே சமயம், இரண்டாவது டிரான்ஸிஸ்டரின் கலெக்டரிலிருந்து முதலாவதன் எமிட்டருக்குச் சிக்னலின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினால் அது ஒரே அலைப் படகு. மொத்தப் பெருக்கம் 12,000-லிருந்து 100 ஆகக் குறைந்தால், பேஸில் தெரியும் மின்தடை சுமார் 120 மடங்கு ஏறும். அதற்குப் பிறகும் பயாஸ் ரெசிஸ்டரை இணையாகச் சேர்க்கவேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கணக்கை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி உள்ளீட்டில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வாசலில் உள்ள கெப்பாசிட்டர் மீட்டரின் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். செல்போனில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தச் சிக்னலை 100 கே, 100 ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டரால் ஆயிரத்தில் ஒரு பங்காக்கி உள்ளே கொடுங்கள். 12,000 மடங்கு பெருக்கும் ஒன்றுக்கு நேரே கொடுத்தால் சிக்னல் தலைதட்டி நசுங்கும். வெளியீட்டில் வரும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளீட்டுக்குத் தொடராக ஒரு வேரியபிள் ரெசிஸ்டரை வைத்து, வெளியீடு சரிபாதியாகும்வரை திருகுங்கள். அப்போது அந்த வேரியபிளின் மதிப்பும் உள்ளீட்டு மின்தடையும் ஒன்று. கழற்றி ஓம் மீட்டரில் பார்த்தால் போதும். ஃபாலோயர் வைக்காத பழைய சர்க்யூட்டில் எனக்கு 3.26 வரவில்லை, 4.1 கே வந்தது. தலைகீழாகக் கணக்குப் போட்டால் அந்த டிரான்ஸிஸ்டரின் பீட்டா 300 பக்கம்.

ஆசை யாரை விட்டது? 72 ஹெர்ட்ஸோடு நிற்காமல் டார்லிங்டனும் 2.2 மெகாவும் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். வீட்டில் பிரமாதமாக இருந்தது. அன்று இரவு கூத்தில் கட்டியங்காரன் மேடைக்கு வந்து எட்டு வைத்து ஆட, வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு வழியாக ஒவ்வொரு மிதியும் மிருதங்கத்துக்குள் இறங்கி ஸ்பீக்கரில் இடியாக வந்தது. போதாததற்கு ட்யூப் லைட் ஒயர் பக்கம் கேபிள் போனதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். உள்ளீட்டு மின்தடை அவ்வளவு பெரிதானால் காற்றில் வருவதையும் அது ருசிபார்க்கும். "தொப்பி பேசுது தம்பி, கூடவே பெஞ்சும் பேசுது" என்றார் அண்ணன். மறுநாள் 470 கே இரண்டையும் திரும்பப் பற்றவைத்து, வலை சுற்றிய மைக் ஒயரும் மாற்றிக் கொடுத்தேன்.